ஊரே ஒரு பனியன் கம்பெனி

கையில் கொஞ்சம் பணம், டி-ஷர்ட் தைத்து விற்க வேண்டும் என்ற ஆசை. கம்பெனியை எங்கே தொடங்குவது? காகிதத்தில் கணக்குப் போட்டால், திருப்பூரைத் தவிர வேறு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றுதான் விடை வரும். அங்கே ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பனியன் கம்பெனிகள் இருக்கின்றன. கட்டட வாடகை அதிகம், டெய்லர் கூலி அதிகம், நல்ல டெய்லரைப் பக்கத்துக் கம்பெனி கொத்திக்கொண்டு போகும் பயமும் அதிகம். பருத்தியில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவில் விளைகிறது. தூத்துக்குடித் துறைமுகம் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நொய்யல் ஆற்றில் தண்ணீர் ஓடினால் அது செய்தி. இத்தனைக்குப் பிறகும் புதிதாகத் தொழில் தொடங்குபவர் திருப்பூருக்கே பஸ் ஏறுகிறார். அந்த ஊரின் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. நாளொன்றுக்கு 80 கோடிக்கு மேல். கூட்டம் போகும் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு போகிறாரா, இல்லை நம் காகிதக் கணக்கில்தான் எதையாவது விட்டுவிட்டோமா?

இது திருப்பூரின் தனிக் கிறுக்கா என்பதை முதலில் பார்த்துவிடலாம். கிளென் எலிசன், எட்வர்ட் கிளேசர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1997இல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்க வரைபடத்தைச் சுவரில் மாட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு அம்பு எறிவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அம்பும் ஒரு தொழிற்சாலை. அப்படி எறிந்தாலும் சில அம்புகள் தற்செயலாக ஒட்டி ஒட்டி விழத்தான் செய்யும். ஒரு தொழிலில் மொத்தமே நாலு பெரிய ஆலைகள்தான் என்றால், எந்த ஈர்ப்பும் இல்லாமலே அது குவிந்திருப்பதாகத் தோன்றும். இந்த இரண்டு மாயைகளையும் கழித்துவிட்டு, 459 உற்பத்தித் தொழில்களை அவர்கள் அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாத் தொழில்களுமே அம்பு விழுவதைவிட நெருக்கமாகக் குவிந்திருந்தன. பலவற்றில் குவிதல் லேசானது. ஒயின், கம்பளம் போன்ற சிலவற்றில் மிகக் கடுமையானது. ஒயினுக்குத் தட்பவெப்பம் காரணம் என்று சொல்லிவிடலாம். கம்பளத்துக்கு என்ன காரணம்? அதற்குப் பிறகு வருவோம்.

ஒரே தொழிலையும் அதன் துணைத் தொழில்களையும் சேர்ந்த நிறுவனங்கள் ஓரிடத்தில் நெருங்கி இருப்பதைத் தொழிற்கொத்து என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அதன் உள்கட்டுமானம்தான் அதிசயம். அதைப் பார்க்க ஒரு டி-ஷர்ட்டின் பின்னாலேயே நடப்பது நல்லது.

5,000 உருப்படிக்கு ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. கிலோவுக்கு ஏறத்தாழ ஐந்து உருப்படி என்றால் ஒரு டன் துணி வேண்டும். நூற்பாலையிலிருந்து கோன் கோனாக வரும் நூல் முதலில் நிட்டிங் கம்பெனிக்குப் போகிறது. அங்கே வட்டமாகச் சுழலும் ஓர் இயந்திரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் ஏறி இறங்கிப் பின்ன, துணி ஒரு பெரிய குழாயாகக் கீழே இறங்குகிறது. நம் ஒரு டன்னுக்கு ஓர் இயந்திரம் நாலைந்து நாள் ஓடினால் போதும். அடுத்தது பிளீச்சிங், டையிங். சாயம் ஏறி வெளியே வரும் துணி ஈரத்திலும் இழுப்பிலும் நீண்டு போயிருக்கும். அப்படியே தைத்துவிட்டால் முதல் துவைப்பில் அப்பா சட்டை மகனுக்கு ஆகிவிடும். அதனால் காம்பாக்டிங்: ஆவியும் அழுத்தமும் கொடுத்து, பின்னால் சுருங்க வேண்டிய அளவை முன்னாலேயே சுருக்கிவிடுகிறார்கள். பிறகு கட்டிங். நெஞ்சில் படம் வேண்டுமா, பிரிண்டிங். பூவேலை வேண்டுமா, எம்பிராய்டரி. ஓவர்லாக்கிலும் பேட்லாக்கிலும் தையல், காஜா, பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங். கழுத்தில் இருக்கும் லேபிள், பாலிதீன் கவர், அட்டைப்பெட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆட்கள்.

இவை ஒவ்வொன்றும் தனிக் கம்பெனியாக இருக்க முடியும் என்பதுதான் விஷயம். வேறு வேறு முதலாளிகள், வேறு வேறு தெருக்கள். துணி ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு வேனில் போகிறது. மற்ற ஊர்களில் ஆலைக்குள் நடப்பது இங்கே ஊருக்குள் நடக்கிறது.

காம்பாக்டிங் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நாளொன்றுக்குப் பல டன் துணியை விழுங்கக்கூடியது. நம்முடைய ஒரு டன் அதற்குச் சில மணி நேர வேலை. ஒரு நாள் கல்யாணச் சமையலுக்காக யாரும் அண்டாவும் ஜாரணியும் விலை கொடுத்து வாங்குவதில்லை, பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுக்கிறோம். திருப்பூரில் ஜாப் ஒர்க் என்பது அந்த ஏற்பாடுதான். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துவிட்டால், கோடிக்கணக்கான ரூபாய் இயந்திரத்தில் நமக்கு வேண்டிய ஒரு துண்டு நேரம் மட்டும் நம்முடையது. ஆகவே புதியவருக்குத் தொடக்கத்தில் கட்டாயம் வேண்டியவை ஓர் ஆர்டர், நூலுக்கு முன்பணம், ஒரு செல்போன். ஓர் இயந்திரம்கூடச் சொந்தமாக இல்லாமல் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்பவர்கள் அங்கே உண்டு. இதே ஆள் ஏதோ ஒரு மாவட்டத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தால், நிட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை எல்லாவற்றையும் தானே நிறுவ வேண்டும், அல்லது ஒவ்வொரு கட்டத்துக்கும் துணியை லாரியில் ஏற்றித் திருப்பூருக்கே அனுப்ப வேண்டும். வாடகையில் மிச்சம் பிடித்தது டீசலில் போய்விடும். காகிதக் கணக்கில் நாம் விட்டது இதைத்தான்: அதிக வாடகையைப் பார்த்தோம், வாங்கத் தேவையில்லாத இயந்திரங்களைப் பார்க்கவில்லை.

இப்படித் துண்டு துண்டாகப் பிரிவது எப்போது சாத்தியமாகிறது? ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளியலாளர் 1951இல் ஒரு கட்டுரையில் இதற்கு விடை எழுதினார். தொழில் சிறிதாக இருக்கும்போது ஒவ்வொரு நிறுவனமும் எல்லா வேலையையும் தானே செய்துகொள்கிறது, ஏனென்றால் காஜா போடுவதற்கென்று மட்டும் ஒருவர் கடை திறந்தால் அவருக்குப் போதுமான வேலை கிடைக்காது. தொழில் பெருகப் பெருக, அந்த ஒற்றை வேலையை மட்டும் செய்து பிழைக்கலாம் என்ற நிலை வருகிறது. அவர் கடை திறந்ததும் அடுத்து வருபவர் காஜா மெஷின் வாங்க வேண்டியதில்லை. அதனால் மேலும் சிலர் வருகிறார்கள். அவர்கள் வரவால் இன்னும் நுணுக்கமான ஒரு வேலைக்குத் தனிக் கடை பிழைக்கிறது. தன்னைத் தானே ஊட்டி வளர்க்கும் சுழற்சி இது. பலர் ஓரிடத்தில் திரள்வதாலேயே ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இந்த இலாபத்துக்குத் திரள் ஆதாயம் என்று பெயர் வைக்கலாம். யாருடைய கணக்குப் புத்தகத்திலும் இது ஒரு வரியாக இருக்காது.

ஸ்டிக்லருக்கும் அறுபது ஆண்டு முன்பே, 1890இல், ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதற்கு மூன்று காரணங்களைப் பிரித்துக் காட்டிவிட்டார். ஷெஃபீல்டின் கத்திப் பட்டறைகளும் லங்காஷயரின் பருத்தி ஆலைகளும் அவர் கண்முன் இருந்தவை. துணைத் தொழில்கள் பக்கத்திலேயே இருப்பது ஒரு காரணம்; அதைத்தான் இதுவரை பார்த்தோம். இரண்டாவது, ஆட்கள்.

திருப்பூர் வீதிகளில் ‘டெய்லர் தேவை, செக்கிங் ஆள் தேவை’ என்ற அட்டை தொங்காத தெரு குறைவு. ஆர்டர் குவிந்தால் ஒன்றரை ஷிப்டு, ஆர்டர் இல்லையென்றால் லீவு என்று ஏறி இறங்கும் தொழில் இது. ஒரு கம்பெனிக்கு ஆர்டர் வறண்ட வாரத்தில் இன்னொரு கம்பெனிக்குப் பெருகியிருக்கும். டெய்லர் அடுத்த தெருவுக்கு நடந்து போகிறார். அவருக்கு வேலை போகவில்லை, புதுக் கம்பெனிக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. தனித்து நிற்கும் ஆலையில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வார்கள்: ஆர்டர் நின்றால் தொழிலாளிக்கு வேறு வழியில்லை, ஆர்டர் குவிந்தால் முதலாளிக்கு வேறு ஆளில்லை. கொத்துக்குள் கூலி சற்று அதிகம் கொடுப்பது இந்தக் காப்பீட்டுக்கான பிரீமியம் என்றே சொல்லலாம். ஆனால் இந்த ஏற்பாட்டில் முதலாளியின் நிம்மதி தொழிலாளியின் நிம்மதியைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கே ஆர்டர் வறண்டால் எந்தத் தெருவுக்கு நடந்தாலும் பயனில்லை.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது: தொழில் இரகசியம் கசிவது. எந்த மில்லின் நூலில் இந்த மாதம் பிசிறு அதிகம், எந்த வாங்குபவர் பணத்தை இழுத்தடிக்கிறார், கருஞ்சிவப்புச் சாயம் ஏன் திட்டுத்திட்டாக ஏறுகிறது, இதற்கெல்லாம் கையேடு கிடையாது. கம்பெனி மாறும் கட்டிங் மாஸ்டர் கொண்டுபோகிறார், பத்துக் கம்பெனிக்கு ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் கொண்டுபோகிறார், டீக்கடை கொண்டுபோகிறது. இந்தக் கசிவு எவ்வளவு தூரம் போகும் என்று அளக்கவும் முயன்றிருக்கிறார்கள். ஸ்டூவர்ட் ரோசென்தால், வில்லியம் ஸ்ட்ரேஞ்ச் என்ற பொருளியலாளர்கள் இருவரும் அமெரிக்காவில் புதிதாகப் பிறக்கும் நிறுவனங்கள் எங்கே பிறக்கின்றன என்று பார்த்து 2003இல் எழுதினார்கள். அதே தொழிலைச் சேர்ந்த பழைய நிறுவனங்களின் ஈர்ப்பு, முதல் சில மைல்களுக்குள்ளேயே வேகமாகத் தேய்ந்துவிடுகிறது. உலகம் முழுவதையும் திரையில் பார்க்கும் காலத்திலும் தொழில் நுணுக்கம் நடந்துபோகும் தூரத்தில்தான் அதிகம் பரவுகிறது.

சரி, சுழற்சி ஓடத் தொடங்கிவிட்டால் நிற்காது. முதல் தள்ளு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் கம்பளம் வருகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டால்டன் என்றொரு ஊர். 1895இல் அங்கே கேத்தரின் எவன்ஸ் என்ற பதின்வயதுப் பெண், ஒரு திருமணப் பரிசுக்காகப் படுக்கை விரிப்பு ஒன்றைச் செய்தாள். துணியில் நூலைக் கொத்துக் கொத்தாகக் குத்தி நிறுத்தும், வழக்கொழிந்துபோன ஒரு கைவேலை அது. பார்த்தவர்கள் கேட்டார்கள், விற்றாள், அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே குத்துநூல் முறையை இயந்திரம் கொண்டு கம்பளத்துக்குச் செய்யலாம் என்று ஆனபோது, அந்தக் கைவேலை தெரிந்த ஊர் டால்டன்தான். இன்று அமெரிக்கக் கம்பளத்தில் மிகப் பெரும் பகுதி அந்த வட்டாரத்தில் உருவாகிறது. பின்னாளில், 2008இல், நோபல் பரிசு பெற்ற பால் குருக்மன் 1991இல் எழுதிய நூலில் இந்தக் கதையை ஓர் எடுத்துக்காட்டாகவே வைத்தார்: இடத்தைத் தீர்மானித்தது ஒரு கல்யாணப் பரிசு, இடத்தை நிலைக்கவைத்தது திரள் ஆதாயம்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு இணையான கதை சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். வறண்ட வானம் தீக்குச்சி காயத் தோதாக இருந்தது. ஆனால் அந்தக் கரிசல் வட்டாரத்தில் வறண்ட வானம் எல்லா ஊருக்கும் பொதுச் சொத்துதானே? கற்றுவந்தவர்கள் சிவகாசிக்காரர்கள் என்பதே பெரிய காரணம். அதற்கப்புறம் நடந்தது இன்னும் அழகு. தீப்பெட்டியின் முகத்தில் படம் ஒட்ட வேண்டும், அதற்கு அச்சகம் வந்தது. வெடிமருந்துப் பொருள்களைக் கையாளும் பழக்கத்தின் பின்னால் பட்டாசு வந்தது. பட்டாசுப் பெட்டிக்கு இன்னும் பளபளப்பான அச்சு தேவைப்பட்டது. காலண்டருக்கும் டைரிக்கும் நாடே அந்த ஊரைப் பார்க்கும் நிலை வந்தது அந்தக் குச்சிப் பெட்டியிலிருந்துதான். ஒரு தொழில் தனக்காக வரவழைத்த துணைத் தொழில், பிறகு அதன் தயவு இல்லாமலே வளர்ந்து தனக்கென ஒரு கொத்தைக் கட்டிக்கொண்டது.

இதுவரை சொன்னதில் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறேன். புதியவர் எல்லா ஊர்களையும் எடைபோட்டு ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பேசிக்கொண்டு வந்தோம். நிஜத்தில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பதே இல்லை. போர்ச்சுக்கல்லில் புதுத் தொழில் தொடங்கியவர்களைப் பற்றி 2002இல் வந்த ஓர் ஆய்வு, தாங்கள் குடியிருக்கும் இடத்திலேயே ஆலையை வைத்துக்கொள்வதற்காக அவர்கள் மற்ற இடங்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான கூலிச் செலவைக்கூட ஏற்கத் தயாராக இருந்ததாகக் கணக்கிட்டது. நம்பத் தயக்கமாக இருக்கும் எண்தான். ஆனால் கடன் தரும் மாமனார், சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும் பழைய நண்பர், கையெழுத்துப் போடும் பங்காளி எல்லாரும் இருக்கும் ஊரை விட்டுப் போக யாருக்கு மனம் வரும்?

ஸ்டீவன் கிளெப்பர் என்ற பொருளியலாளர் இதையே கொத்துகளின் ஆதி மர்மமாகக் கருதினார். டெட்ராய்ட்டின் கார் நிறுவனங்களுக்கு அவர் வம்சாவளி எழுதிப் பார்த்தார். டாட்ஜ் சகோதரர்கள் டெட்ராய்ட்டில் ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். முதலில் ஓல்ட்ஸ் நிறுவனத்துக்குப் பற்சக்கரப் பெட்டி செய்து கொடுத்தார்கள், 1903 முதல் ஃபோர்டுக்கு எஞ்சின் செய்து கொடுத்தார்கள், 1914இல் சொந்தக் காரையே விட்டார்கள். எங்கே? அதே டெட்ராய்ட் வட்டாரத்தில். சிறந்த சில தாய் நிறுவனங்களில் வேலை கற்றவர்கள் வெளியே வந்து பக்கத்திலேயே தனிக்கடை போட, அந்தக் குட்டிகளும் தாயின் திறமையோடு பிறந்ததுதான் டெட்ராய்ட்டை எழுப்பியது என்பது கிளெப்பரின் வாதம். கொத்து வெளியாட்களைக் காந்தமாக இழுப்பதைவிட, உள்ளே குட்டி போடுவதுதான் அதிகம்.

திருப்பூரை ஆராய்ந்த ஷரத் சாரி, நிலத்தில் பாடுபட்ட குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனிக்குத் தொழிலாளியாக வந்து, பிறகு முதலாளியானவர்களின் நீண்ட வரிசையைப் பதிவு செய்திருக்கிறார். ஜாப் ஒர்க் ஏற்பாடு அதற்கு இடம் கொடுத்தது. நாலு மெஷினோடு தொடங்க முடிந்தது. அதே ஊரில் அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்ற பொருளியலாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தினரின் கம்பெனிகளில் முதலீடு மிக அதிகம், வெளியூரிலிருந்து வந்தவர்களின் கம்பெனிகளில் மிகக் குறைவு. ஆனால் வெளியாட்களின் கம்பெனிகள் இன்னும் வேகமாக வளர்ந்தன. அதாவது பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போயிற்று. ஊருக்குள் கசியும் தொழில் நுணுக்கம் எல்லாரையும் எட்டுகிறது, கடன் அப்படி எட்டுவதில்லை. தொழிற்கொத்துகளைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

உண்மையாகவே வரைபடத்தை விரித்து வைத்துத் தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள்: பெரிய ஆலைக்காரர்கள். 1996இல் ஹூண்டாய் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. துறைமுகம் இருந்தது உண்மை. எண்ணூரில் அசோக் லேலண்டும், பாடியில் டிவிஎஸ் குழுமமும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் பல பத்தாண்டுகளாக வளர்த்துவைத்த உதிரிபாகப் பட்டறைகளும் ஆட்களும் இருந்தார்கள். போதாததற்குக் கொரிய உதிரிபாக நிறுவனங்களும் கூடவே வந்தன; கொத்தின் ஒரு பகுதியைக் கையோடு கொண்டுவந்தது போல. பெரிய ஆலை ஒன்று வருவதால் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு என்ன நன்மை என்பதை அளக்க, அமெரிக்காவில் ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள். பெரிய ஆலைகள் கடைசிச் சுற்றில் இரண்டு மூன்று மாவட்டங்களை வைத்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். வென்ற மாவட்டத்தையும் நூலிழையில் தோற்ற மாவட்டத்தையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில், வென்ற மாவட்டத்தின் பழைய ஆலைகள் அதே ஆள், அதே இயந்திரத்தைக் கொண்டு ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதலாக உற்பத்தி செய்தன. கூலியும் ஏறியது. 2010இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, பெரிய ஆலைக்கு அரசுகள் சலுகை கொடுப்பதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பேச முடிந்தது. எவ்வளவு சலுகை என்பது வேறு சண்டை.

நெருக்கத்துக்கு விலை உண்டு. சாயப்பட்டறைகள் ஒன்றாகக் குவிந்தால் சாயக்கழிவும் ஒன்றாகக் குவியும். நொய்யல் உப்பாகிப் பாசனம் கெட்ட விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு கட்டம் நின்றதும் ஊரே திணறியது. துண்டு துண்டாகப் பிரிந்த தொழிலில் எந்தத் துண்டு அறுந்தாலும் அப்படித்தான். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகே பட்டறைகள் மீண்டும் இயங்கின: சவ்வு வழியே தண்ணீரை வடிகட்டி, மீதியைக் காய்ச்சி, உப்பைப் பிரித்து, தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துவது. இதைத் தனிப்பட்டறை ஒன்று கட்டிக் காப்பது கடினம். பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்துக்கொண்டார்கள். குவிந்ததால் வந்த நோய்க்குக் குவிந்திருந்ததாலேயே மருந்துச் செலவைப் பங்குபோட முடிந்தது.

இன்று இந்த ஊரில் எந்தத் துண்டு நகர்கிறது, எந்தத் துண்டு நகர மறுக்கிறது என்று பார்ப்பது சுவாரசியம். தையல் நகர்கிறது. ஆள் கிடைக்கும் சிற்றூர்களிலும் தென் மாவட்டங்களிலும் கிளைத் தையற்கூடங்கள் திறக்கிறார்கள். வெட்டிய துணியை ஏற்றிப்போய்த் தைத்துக் கொண்டுவர முடியும். சாயமும் காம்பாக்டிங்கும் அசைவதில்லை. இப்போது இன்னொரு சோதனையும் வந்திருக்கிறது. உலகம் விளையாட்டு உடைக்கும் உடற்பயிற்சி உடைக்கும் பாலியஸ்டரைக் கேட்கிறது, திருப்பூரோ பருத்தியிலேயே பழகிய ஊர். பாலியஸ்டர் துணிக்குப் பெயர்பெற்றது சூரத். பருத்திக்குச் சாயம் ஏற்றக் கொதிநிலைக்குக் கீழான சூடு போதும்; பாலியஸ்டருக்கு அழுத்தக் கலனில் 130 டிகிரி வேண்டும், சாயமும் வேறு வகை. புதிதாக விளையாட்டு உடை கம்பெனி தொடங்குபவர் துணி இருக்கும் சூரத்துக்குப் போவாரா, தைக்கத் தெரிந்தவர்கள் இருக்கும் திருப்பூருக்குப் போவாரா? இப்போதைக்குப் பலர் பாலியஸ்டரைத் திருப்பூருக்கு வரவழைக்கிறார்கள். அந்த அழுத்தக் கலனை வாங்கிப் போட்டு, ‘பாலியஸ்டர் டையிங் ஜாப் ஒர்க் செய்யப்படும்’ என்று போர்டு மாட்டும் ஒவ்வொரு பட்டறையும், அடுத்து வரும் புதுக் கம்பெனி வாங்க வேண்டிய இயந்திரங்களில் ஒன்றைக் குறைத்துவிடுகிறது.